நண்பரின் வேட்டைக் காலணிகள்

என் நண்பரின் வேட்டைக் காலணிகளைப் பேணும் பணி பதினெட்டு ஆண்டுகளாக என்னிடம் இருந்தது. யாரும் அதை என்னிடம் ஒப்படைக்கவில்லை. யாரும் அதற்காக எனக்கு நன்றி கூறியதுமில்லை. அந்தப் பணி என் கையைவிட்டுப் போனபோது எனக்குள் எழுந்த அழுக்காற்றைப் பற்றியும், அதன் தூண்டுதலால் நான் செய்த ஒரு செயலைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். பள்ளித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவன், அறுபத்தெட்டாம் வயதில், ஓர் இணைக் காலணியின் பொருட்டு இன்னொரு மனிதரை வெறுத்தான் என்று எழுதிப் பார்க்கையில் எனக்கே நாணமாக இருக்கிறது. ஆயினும் அது நடந்தது.

நண்பர் இரப்பர்த் தோட்டத்துக் கிராணியாக, அலுவலகக் கணக்கும் கடிதமும் எழுதி, ஓய்வு பெற்றவர். புக்கிட் பெலண்டோக்கை அடுத்த தோட்டப் பள்ளியில் நாங்கள் இருவரும் ஒரே பலகையில் அமர்ந்து படித்தோம். அவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்று உண்டு. எண்ணெய் தரும் செம்பனையின் கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் வேரோடு கிளறிக் குருத்தைத் தின்றுவிடுவதால், சிறுதோட்டக்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள். கைப்பேசியில் எங்கள் புலனக் குழுவில் ஒரு வரி வரும். சனிக்கிழமை விடியலில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். நாய்கள் புதருக்குள் சென்று பன்றியைக் கிளப்பும். நண்பர் வடிகாலின் கரைமேட்டில் துப்பாக்கியுடன் நிற்பார். அவருக்குப் பின்புறம், வடிகாலுக்குள், கணுக்காலுக்குச் சற்று மேலே நீர் தொட, ஒருவர் நிற்க வேண்டும். பன்றி நீர்வழியே நழுவிவிடாமல் மறிப்பது அவர் வேலை. துப்பாக்கி பிடித்தவரின் முதுகைக் காப்பதும் அவர் வேலை. அந்த ஒருவர் நான்.

நான் புலால் உண்பதை விட்டு நெடுங்காலம் ஆகிறது. வெடியோசை கேட்டால் இன்றும் கண்ணை மூடிக்கொள்வேன். "வாத்தியாரு பன்னிக்குத் தமிழ் சொல்லிக் குடுக்க வர்றாரு லா" என்று குழுவினர் சிரிப்பார்கள். நான் போனது வேட்டைக்காக அன்று. இரண்டு மணி நேரம் அவர் மேட்டிலும் நான் நீரிலுமாக, ஒரு சொல்லும் பேசாமல் நிற்போம். அவர் வலக்காலிலிருந்து இடக்காலுக்கு எடையை மாற்றினால் எனக்குத் தெரியும். நான் கொசுவை அடிக்காமல் பொறுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். என் வீட்டிலும் வெளியிலும் வேறு எங்கும் எனக்கு அத்தகைய இரண்டு மணி நேரம் வாய்த்ததில்லை.

குழுவில் மற்றவர்கள் இரப்பர்க் காலணி அணிவார்கள். செம்பனை மட்டையின் முள் அதைத் துளைத்துவிடும். ஒருமுறை நண்பரின் குதிகாலில் முள் ஏறிச் சீழ் பிடித்தபின், சிரம்பான் கடைவீதிக்குப் போய் ஆடுதசை வரை ஏறும் தடித்த தோற்காலணிகள் இரண்டு இணை வாங்கி வந்தார். ஒன்று அவருக்கு, மற்றொன்று எனக்கு. இரண்டும் ஒரே அளவு, ஒரே பழுப்பு. அன்று தொட்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் அவர் தம் காலணிகளை ஒரு கோணிப்பையில் போட்டு என் வீட்டில் வைத்துவிட்டுப் போவார். நான் சேற்றைச் சுரண்டி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, மேலே மெருகுப் பசை பூசி, துணியால் தேய்த்து வைப்பேன். அவை பளபளக்கும். நீர் புகும் என்பதும் உண்மை. வடிகால்களைக் கடந்து நடந்தால், நீரில் நின்றால், கால் நனையாமலா இருக்கும் என்று நாங்கள் இருவரும் எண்ணியிருந்தோம்.

நான் வெறுத்த அந்த மனிதர் சென்ற ஆண்டு எங்கள் குழுவுக்கு வந்தார். குழுவினர் ஒருவரின் மைத்துனர், அம்பாங்கானில் வீடு. சுங்கை காடுட்டில் தோற்காலணிகளும் கையுறைகளும் செய்யும் தொழிற்சாலையொன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். எங்களைவிட ஏழெட்டு வயது இளையவர். குறைத்துப் பேசுவார். என் நண்பரை முதல் நாளே "அண்ணே" என்று அழைத்தார். நானோ அறுபது ஆண்டுப் பழக்கம் இருந்தும் அவரைக் கிராணி என்றே அழைத்து வருகிறேன்.

அவர் வந்த இரண்டாம் சனிக்கிழமை, வேட்டை முடிந்து சாலையோரத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். நண்பர் காலணிகளைக் கழற்றிக் கால்களைக் காற்றாட வைத்தார். பாதங்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. இரண்டு விரல்களுக்கிடையே தோல் உரிந்து செந்நிறமாகத் தெரிந்தது. நண்பருக்கு இனிப்புநீர் நோய் உண்டு என்பதை நான் இங்கே சொல்ல வேண்டும். காலில் புண் வந்தால் எளிதில் ஆறாது. புண் பெரிதானால் வேட்டையை மட்டுமன்றி நடப்பதையே விட நேரும் என்று மருத்துவர் அவரிடம் கூறியிருந்தார். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் செந்நிறத்தை நான் அதுவரை குனிந்து பார்த்ததில்லை.

அம்பாங்கான்காரர் குனிந்து பார்த்தார். பிறகு காலணி ஒன்றைக் கையில் எடுத்து, உள்ளே கட்டைவிரலை விட்டு அழுத்தி, முகர்ந்து பார்த்தார்.

"என்னாண்ணே போடுறீங்க இதுக்கு?"

"எனக்கென்னா தெரியும்? வாத்தியாரத்தான் கேக்கணும். அவரு டிப்பார்ட்மெண்ட் அது" என்றார் நண்பர்.

"தேங்காய் எண்ணெய்" என்றேன்.

"தேங்காண்ணைய தோலு குடிச்சிக்கிட்டே இருக்கும் சார். இளகிப் போயிரும். தண்ணிய நிறுத்தாது. தையல் நூலும் உள்ளுக்குள்ள அழுவிக்கிட்டு வருது, பாருங்க." தையல் விளிம்பை நகத்தால் நெம்பிக் காட்டினார். நூல் பிசுபிசுவென்று இழுபட்டது.

அவர் குரலில் இகழ்ச்சி சிறிதும் இல்லை. நோயாளியின் நாவைப் பார்க்கும் மருத்துவர் போலச் சொன்னார். இகழ்ந்திருந்தால் நான் விடை கூறியிருப்பேன். குழுவில் ஒருவர், "பதினெட்டு வருசமா வாத்தியாரு கிராணி காலுக்குத் தாளிச்சிருக்காரு லா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நண்பரும் சிரித்தார். எனக்கு உறைத்தது அந்தச் சிரிப்புத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோணிப்பை என் வீட்டுக்கு வரவில்லை. மாலை வரை வாசலில் நாளிதழைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். கடைசியில் தொலைபேசியில் அழைத்தேன்.

"ஆமா வாத்தியாரே, சொல்ல மறந்துட்டேன். தம்பி எடுத்துக்கிட்டுப் போச்சி. சரியா செஞ்சி தரேன்னுச்சி. உனக்கும் ஒரு வேல மிச்சந்தான."

மிச்சம் என்ற சொல்லை அவர் அன்போடுதான் சொன்னார். நான் தொலைபேசியை வைத்தபின் என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னாங்க, மொகம் இப்பிடிப் போச்சி? யாராச்சும் தவறிட்டாங்களா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

மூன்று வாரத்தில் நீரில் நிற்கும் அந்த இடமும் போயிற்று. நண்பரின் பின்னால் வடிகாலுக்குள் அம்பாங்கான்காரர் நின்றார். அவருடைய காலணியில் நீர் புகாது. என் காலணியில் புகும். நண்பர் சொன்ன காரணம் அதுதான். அதில் பிழை இல்லை. "நீயும் வயசானவன். மேட்டுல நில்லு. காஞ்ச எடமா பாத்து நில்லு" என்றார். நூறு அடி தள்ளி, காய்ந்த மட்டைகளை அடுக்கி வைத்திருந்த வரிசையின் அருகே என்னை நிறுத்தினார்கள். அங்கிருந்து இருவரின் முதுகுகளும் தெரிந்தன. ஒருமுறை நண்பர் திரும்பி ஏதோ சொன்னார். அந்த மனிதர் தலையசைத்தார். என்னோடு நின்ற காலத்தில் அவர் ஒருநாளும் திரும்பிப் பேசியதில்லை. அப்படியிருந்ததைத்தான் நெருக்கம் என்று அதுவரை எண்ணியிருந்தேன். அன்று அவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்பதைத் தவிர வேறு எதையும் அந்த வாரத்தில் நான் எண்ணவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நண்பர் என்னையும் அம்பாங்கானுக்கு அழைத்துப் போனார். தொடர் வீடுகளில் ஒன்று. முன்புறம் மகிழுந்து நிறுத்தும் இடத்தில் ஒரு தாழ்ந்த மேசை. நண்பர் அந்த வீட்டுச் செருப்பை எங்கே கிடக்கிறது என்று கேளாமலே எடுத்து மாட்டிக்கொண்டு, நெகிழி நாற்காலி ஒன்றில் சாய்ந்தார். அது அவருடைய நாற்காலி ஆகியிருந்தது.

அந்த மனிதர் வேலை செய்வதை நான் ஒரு குற்றம் காணும் நோக்கத்தோடு பார்த்தேன். முதலில், சேறு படிந்திருந்த தம் பழைய இணை ஒன்றின் நாடாக்களை முழுதும் உருவினார். நான் அவற்றைக் கட்டியபடியே துடைத்துவந்தவன். பல் துலக்கும் தூரிகையால் தையல்களைக் குறுக்காகத் தேய்த்து மண்ணை வெளியேற்றினார். ஈரத் துணியால் துடைத்தார். நாளிதழைக் கசக்கி உள்ளே திணித்து, மின்விசிறியின் கீழ் வைத்தார். "வெயில்ல வைக்கக் கூடாது சார். வெயிலு தோல வெடிக்க வச்சிரும். காயறதுக்கு முன்னால மேல எது பூசுனாலும் ஈரத்த உள்ள பூட்டி வச்சமாதிரி" என்றார். அவை காய இரண்டு மூன்று நாளாகும் என்பதால், சனிக்கிழமை மாலையே நண்பர் தம் காலணிகளை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறார் என்று அப்போதுதான் அறிந்தேன். அன்று எனக்குக் காட்டுவதற்காக, ஏற்கெனவே காய்ந்திருந்த தம் வேட்டைக் காலணிகளை எடுத்தார். தகர டப்பாவை வெந்நீரில் வைத்து, அதிலிருந்த மெழுகு இளகியதும் விரலால் எடுத்துப் பூசினார். துணியைத் தொடவில்லை. விரலின் சூட்டில் மெழுகு தோலுக்குள் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. அடித்தோலும் மேல்தோலும் கூடும் விளிம்பிலும், நாக்குப் பகுதி பக்கங்களோடு இணையும் மடிப்பிலும் இருமுறை பூசினார். ஒரு நாள் விட்டுத் துடைக்க வேண்டும் என்றார். பிறகு முன்பே பூசி முடித்திருந்த நண்பரின் காலணி மீது ஒரு சொட்டு நீர் விட்டார். நீர் முத்தாக உருண்டு கீழே விழுந்தது. நண்பர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தம் பேரக்குழந்தை பாடிக் காட்டியது போல.

"அதில் என்ன கலக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"தேன்மெழுகு ரெண்டு பங்கு, எண்ணெய் மூணு பங்கு. நான் கிண்டி வச்சிருக்கேன், ஒரு டப்பா தரவா சார்? உங்க சப்பாத்தையும் குடுங்களேன், ஒண்ணா செஞ்சிர்றேன்."

அவர் மறைத்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மறைப்பவரை வெறுப்பதற்கு ஓர் அறம் துணைநிற்கும். அனைத்தையும் விரித்துச் சொல்லி, டப்பாவையும் நீட்டும் ஒருவரை வெறுப்பதற்கு நான் தனியாக நிற்க வேண்டியிருந்தது. "வேண்டாம். என்னுடையவை நன்றாகத்தான் இருக்கின்றன" என்றேன். அவை நன்றாக இல்லை என்பது அங்கிருந்த மூவருக்கும் தெரியும்.

வீடு திரும்பிய பின் எனக்கு ஒரே எண்ணம். மெழுகு என்ன பெரிய மெழுகு. நாங்கள் தோட்டத்துப் பிள்ளைகள். இரப்பர்ப் பாலில் வளர்ந்தவர்கள். மழைக்காலத்தில் எங்கள் வீடுகளில் கோணியைப் பாலில் தோய்த்துக் காயவைத்துப் போர்த்திக்கொண்டு போவார்கள். ஒரு சொட்டு உள்ளே இறங்காது. ஒழுகும் வாளிக்கும் பால், கிழிந்த பந்துக்கும் பால். உலகத்தில் நீரைத் தடுக்க அதற்கு மேல் ஒரு பொருள் உண்டு என்று என் தலைமுறையில் தோட்டத்தில் பிறந்த எவனும் நம்பமாட்டான். தொழிற்சாலையில் வேலை கற்ற அந்த மனிதருக்கு இது தோன்றாது என்று எண்ணினேன். எங்கள் இருவருக்கும் மட்டுமே உரியதான ஒன்றைக் கொண்டு நண்பரை மீட்கப்போகிறேன் என்றும் எண்ணினேன்.

இப்போது எங்கள் பக்கம் பெரும்பாலும் செம்பனைதான். ஆயினும் ஓர் அம்மையார் தம் சிறு நிலத்தில் இன்னும் இரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறார். அவர் மகன் என் மாணவன். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"வாத்தியாரு இந்த வயசுல பால்மரம் வெட்ட வந்துட்டீங்களா? பென்சன் பத்தலியா?" என்றார்.

"காலணிக்குப் பூச வேணும்மா. தண்ணி எறங்காம இருக்க."

"சப்பாத்துக்கா?" பாலை ஊற்றிக்கொண்டே யோசித்தார். உறையாமலிருக்க இரண்டு சொட்டு அம்மோனியா விட்டார். "சாக்குல தடவுவாங்க, பாத்துருக்கேன். சப்பாத்துல தடவி நான் பாத்ததில்ல வாத்தியாரே. சாக்க காலுல போட்டு நடக்கறதில்லியே."

அவர் சொன்னதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

பால் நன்றாகப் பற்ற வேண்டும் என்பதற்காக, என் காலணிகளை முதல்நாளே பாத்திரம் துலக்கும் வழலையால் இரண்டு முறை கழுவி, பழைய எண்ணெய் முழுவதும் போகும்வரை தேய்த்துக் காயவைத்திருந்தேன். தோல் வெளிறி, அட்டை போல் இருந்தது. அன்று நண்பகல், நண்பர் இரத்தச் சோதனைக்காக மருத்துவமனை போயிருந்த நேரத்தில், அவர் வீட்டுக்குப் போனேன். மெழுகு பூசி முடிந்த காலணிகள் கதவோரம் இருந்தன. நண்பரின் மனைவி எதுவும் கேட்கவில்லை. பதினெட்டு ஆண்டுப் பழக்கம்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. அவரு வந்தா சொல்றேன்."

"சொல்ல வேணாம்மா. நானே சொல்லிக்கிறேன்" என்றேன். சொல்லவில்லை.

அவற்றைக் கழுவ நேரமில்லை. இரண்டு இணைகளையும் வீட்டு முன்புறத்தில் நாளிதழ் விரித்து வைத்து, தூரிகையால் பாலைப் பூசினேன். காய்ந்ததும் மீண்டும் ஒருமுறை. அம்மோனியா நெடியில் கண் எரிந்தது. என் மனைவி கதவில் சாய்ந்து நின்றாள்.

"அது யாரு சப்பாத்து?"

"கிராணியுடையது."

"அம்பாங்கான் ஆளு செஞ்சி வச்சதுமேலயா பூசுறீங்க?"

நான் தூரிகையை மீண்டும் பாலில் தோய்த்தேன்.

"மனுசனுக்கு இருக்கறது ரெண்டு காலு. அதுக்கு ரெண்டு பேரு அடிச்சிக்கிறீங்க. நாலு காலா இருந்திருந்தா ஆளுக்கு ரெண்டுன்னு பிரிச்சிக்கிட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பால் காய்ந்து மெல்லிய மஞ்சட்படலமாக ஆனது. நீர் தெளித்துப் பார்த்தேன், உருண்டோடியது. மாலைக்குள் நண்பரின் காலணிகளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அன்று எனக்கு நல்ல பசி எடுத்தது.

சனிக்கிழமை விடியல் மங்கலாக இருந்தது. நண்பர் காலணிகளை மாட்டிக்கொண்டு வந்ததில் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் மேட்டில் என் இடத்தில் நின்றேன், அம்பாங்கான்காரர் வடிகாலில். முதல் கால்மணி நேரம் என் பாதங்கள் உலர்ந்தே இருந்தன. பிறகு வெம்மை ஏறியது. வியர்வை வெளியேற வழியின்றிக் காலுறை நனையத் தொடங்கியது. அது நீரில் நிற்பதைவிடக் கொடுமையாக, வெந்நீரில் கால் வேகுவது போல இருந்தது. அப்போதுதான் நண்பர் நடந்து வடிகாலின் வளைவுக்குப் போக முற்பட்டார். அவர் அடியெடுத்து வைத்ததும் கீச் என்று ஓர் ஒலி கேட்டது. நனைந்த இரப்பர் இரப்பரோடு உராயும் ஒலி. அவர் நின்றார். மீண்டும் ஓர் அடி, மீண்டும் கீச். காய்ந்த சருகுகள் காலணி முழுதும் ஒட்டிக்கொண்டு, இரண்டு பறவைக் கூடுகளுக்குள் அவர் கால்விட்டது போலிருந்தது.

நாய்களின் குரைப்பு நெருங்கியது. பன்றி புதரின் விளிம்பில் தலையை நீட்டியது. நண்பர் துப்பாக்கியை உயர்த்தக் காலை அகட்டினார். ஒன்றோடொன்று ஒட்டியிருந்த காலணிகள் பிரியும்போது எழுந்த ஒலி நூறு அடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. பன்றி திரும்பி, நாய்களுக்கிடையே பாய்ந்து, வந்த வழியே போய்விட்டது.

எல்லோரும் கூடினார்கள். நண்பர் ஒரு மட்டைக் குவியலின் மேல் அமர்ந்து கால்களை நீட்டிப் பார்த்தார். படலம் கணுக்காலில் சுருங்கி, பாம்புச் சட்டை போலத் தொங்கியது. பின்பு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, இது பாலா?"

"ஆமாம்."

"எப்ப எடுத்துட்டுப் போன?"

"நேற்று நண்பகல். நீ மருத்துவமனையில் இருந்தபோது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

சொல்வதற்கு வேறு காரணங்களை நான் முன்கூட்டியே எண்ணி வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டேன். "இவரைவிட நன்றாகச் செய்து காட்ட வேண்டும் என்று" என்றேன்.

"கிராணிக்கு ரெண்டு பொண்டாட்டி லா" என்று ஒருவர் சொன்னார். இம்முறை நண்பர் சிரிக்கவில்லை.

அம்பாங்கான்காரர் குத்துக்காலிட்டு அமர்ந்தார். நாக்குப் பகுதியின் ஓரத்தில் நகத்தால் ஒரு நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தார். படலம் முழுதும் ஒரே துண்டாக, காலுறை கழல்வது போலக் கழன்று வந்தது. கீழே தோல் கறுத்து, மெழுகு மாறாமல், நான் தொட்டதற்கான தடமே இல்லாமல் இருந்தது. மற்றக் காலும் அவ்வாறே. பிறகு அவர் நண்பரின் காலணிகளைக் கழற்றி, காலுறைகளையும் கழற்றி, விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். உலர்ந்திருந்தன. ஓரிடத்தும் சிவப்பில்லை.

"கீழ மெழுகு இருந்துச்சி. அதான் புடிக்கல" என்றார். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. காலணியைப் பார்த்துச் சொன்னார்.

நான் பூசியதிலிருந்து நண்பரின் காலைக் காத்தது அவர் பூசியது. அது எனக்குப் புரிய நேரமெடுக்கவில்லை. நன்றியுணர்வு வந்திருக்க வேண்டும். வந்தது என்று எழுதினால் பொய்யாகும். நண்பரின் விரல்களை அவர் விலக்கிப் பார்த்த அந்த இயல்பு, அனுமதி கேளாத அந்தக் கை, அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பி, "உங்களுது பாக்கலாமா சார்?" என்றார். காலை நீட்டினேன். நகத்தால் இழுத்தார். படலத்தோடு தோலின் மேற்பரப்பும் பெயர்ந்து வந்தது. அடியில் நார்நாராகத் தெரிந்தது. வழலையிட்டுக் கழுவிய வெறுந்தோல் பாலை உறிஞ்சிக்கொண்டிருந்தது. "இது வராது சார்" என்றார். உண்மையான வருத்தம் அவர் குரலில் இருந்தது. என் பாதங்கள் வெந்து, இரண்டு கொப்புளங்கள் கிளம்பியிருந்தன.

நண்பர் தம் காலுறைகளைத் தாமே மாட்டிக்கொண்டார். காலணி நாடாக்களையும் தாமே, மெதுவாக, ஒவ்வொரு துளையாகக் கோத்தார்.

"என் காலு என்னா, நீங்க ரெண்டு பேரும் எழுதுற பரிச்ச பேப்பரா? இனிமே என் சப்பாத்த நானே பாத்துக்கிறேன். வாத்தியாரும் வேணாம், தம்பியும் வேணாம்" என்றார்.

"அண்ணே, நான் என்னாண்ணே செஞ்சேன்" என்றார் அம்பாங்கான்காரர். அவர் முகம் வாடியது. அதைக் கண்டு நான் மகிழ்ந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

"நீ ஒண்ணும் செய்யல தம்பி. ஆனா இது இப்பிடியே போனா ஒரு நாளு என் கால வெட்டி ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குவீங்க." பிறகு எழுந்து, இரண்டடி வைத்து, ஒலி வருகிறதா என்று கேட்டுப் பார்த்தார். "தண்ணியில ஒரு வாரம் வாத்தியாரு, ஒரு வாரம் தம்பி. வாத்தியாருக்கு சப்பாத்து இல்ல, ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கட்டும். முள்ளு குத்துனா குத்தட்டும்."

அதன்படியே நடக்கிறது. நான் கடையில் ஓர் இணை இரப்பர்க் காலணி வாங்கினேன். முள்ளும் இருமுறை குத்தியது. இருவாரத்துக்கு ஒருமுறை நண்பரின் பின்னால் நீரில் நிற்கிறேன். இடைப்பட்ட சனிக்கிழமை மேட்டில் நின்று அவர்கள் இருவரின் முதுகையும் பார்க்கிறேன். அன்று நான் யாரோடும் நன்றாகப் பேசுவதில்லை என்று என் மனைவி சொல்கிறாள்.

நண்பர் தம் சொல்லைக் காத்தார். காலணிகளைத் தாமே பேணுகிறார். ஆனால் தனியாக உட்கார்ந்து அந்த வேலையைச் செய்ய அவருக்குப் பொறுமையில்லை. ஆகவே எந்தச் சனிக்கிழமை எங்களில் யார் நீரில் நிற்க வேண்டுமோ, அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அந்த ஆளின் வீட்டுக்குக் காலணிகளையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போகிறார். டப்பா அம்பாங்கானிலிருந்து வந்ததுதான். அந்தத் தேன்மெழுகின் மணம் இப்போது என் வீட்டு முன்புறத்திலேயே வீசுகிறது. நான் எதிரே அமர்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் செய்வது அரைகுறை. முன்புறத்தில் மெழுகை அள்ளிப் பூசுவார். கண்ணுக்குத் தெரியாத இடங்களை விட்டுவிடுவார். குதிகாலின் உட்புறத்தில், இரண்டு தோல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஒரு மடிப்பு உண்டு. குனிந்து விரலை நுழைத்தாலன்றி அது அகப்படாது. அவர் வயிற்றை மடித்துக் குனிபவர் அல்லர்.

"பின்பக்கத்தைப் பார்" என்பேன்.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் வாத்தியாரே. நீ சும்மா இரு."

போன வாரம் அவர் கை கழுவ உள்ளே போனார். என் மனைவியோடு அவர் ஏதோ பேசிச் சிரிப்பது கேட்டது. நான் விரைவாக ஒரு காலணியை எடுத்துத் திருப்பி, டப்பாவில் விரலைத் தொட்டு, அந்த மடிப்புக்குள் கட்டைவிரலை நுழைத்தேன். நான் பூச வேண்டியிருக்கவில்லை. அந்த மடிப்பின் ஆழத்தில், என் நண்பரின் விரல் ஒருபோதும் எட்டாத இடத்தில், மெழுகு நன்றாகவும் சீராகவும் இறங்கியிருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அம்பாங்கானில், நண்பர் கை கழுவப் போன நேரத்தில் யாரோ அதைச் செய்திருக்கிறார்.

உள்ளே பேச்சு நின்றது. நான் மற்றக் காலணியையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் இருந்தது. அவர் பூசியதன் மேல் நானும் ஒருமுறை பூசி, விரலைத் துடைத்துக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.